சிறுநீரக ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலையும் சைட்டேஷனையும் சரியாக எடுப்பது எப்படி?

ஆய்வாளரின் பெயரைத் தேடினால் எச்-இன்டெக்ஸ் என்று, சைட்டேஷனை (பிறர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையை) வைத்துக் கணக்கிட்ட ஒரு எண் வந்து நிற்கும், பலர் அதை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அது எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் முதலில் பட்டியலை நாமே எடுப்போம். எடுத்துக்காட்டு, பாஸ்டனில் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தின் லெஸ்லி இன்கர். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகமான ஜிஎஃப்ஆரின் மதிப்பீடு) என்று ஒரு வரி இருக்குமே, அதைக் கணக்கிடும் சூத்திரங்களை உருவாக்கியவர்களில் ஒருவர்.

படி 1: மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடுதளமான பப்மெட்டைத் திறந்து, குடும்பப் பெயர், ஒரு இடைவெளி, முதலெழுத்துகள், உடனே சதுர அடைப்புக்குள் ஏ, யூ என்ற இரண்டு எழுத்துகள் (எல்லாம் ஆங்கிலத்தில்) போட்டுத் தேடுங்கள். கூகுள் ஸ்காலரில் தொடங்காதீர்கள். அதில் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போட்ட வரைவு) எல்லாம் கலந்து வரும்.

படி 2: எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். இன்கர் என்று தேடினால் 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த சிஸ்டாடின்-சி (கிரியேட்டினினைப் போல ரத்தத்தில் அளக்கும் இன்னொரு பொருள்) கட்டுரை கிடைக்கிறது, 2021இல் இனக் காரணியை (கறுப்பினத்தவருக்கு விடையை மாற்றும் பெருக்கல் எண்ணை) நீக்கி வந்த புதிய சூத்திரமும் கிடைக்கிறது, ஆனால் உலகமே பயன்படுத்திய சிகேடி-எபி என்ற ஆய்வுக் குழுவின் 2009ஆம் ஆண்டு இ-ஜிஎஃப்ஆர் சூத்திரக் கட்டுரை மட்டும் வராது. காரணம், அப்போது அவர் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் எழுதினார். ஜிஎஃப்ஆர் அளவிடுவது பற்றி 2006இல் அவர் முதல் ஆசிரியராக எழுதியதும் அந்தப் பெயரில்தான்.

சரி, ஸ்டீவன்ஸையும் சேர்த்தால் ஆயிற்று என்று நினைப்பீர்கள். அதே முதலெழுத்துகளோடு வேறு ஸ்டீவன்ஸ்களும் உள்ளே வந்துவிடுவார்கள். நிறுவனத்தின் பெயரை வைத்து வடிகட்டவும் முடியாது, ஏனென்றால் 2014க்கு முந்தைய பதிவுகளில் பப்மெட் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் நிறுவனத்தை மட்டும்தான் வைத்திருக்கிறது, அவர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்த கட்டுரைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். சக ஆசிரியரை வைத்து வடிகட்டுங்கள். ஸ்டீவன்ஸும், 2009 கட்டுரையில் அவரோடு இருந்த ஆண்ட்ரூ லீவியும் சேர்ந்து எழுதியவை, அல்லது இன்கர் எழுதியவை, இப்படி ஒரே தேடலாகப் போடுங்கள். லீவி இல்லாமல் எழுதியது ஒன்றிரண்டு தப்பலாம், அதைக் கண்ணால் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 3: பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவத்தில் பொதுவாக முதல் ஆசிரியர் வேலையைச் செய்தவர், கடைசி ஆசிரியர் குழுவின் தலைவர். 2009 கட்டுரையில் லீவி முதலில், ஸ்டீவன்ஸ் இரண்டாவது. 2021 கட்டுரையில் இன்கர் முதலில், லீவி கடைசியில். ஒரு குழுவின் பொறுப்பு கைமாறிய கதை இந்த இரண்டு வரியில் தெரிகிறது, எச்-இன்டெக்ஸில் இது தெரியவே தெரியாது.

படி 4: பட்டியலை பிஎம்ஐடி எண்களாக (பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்) சேமித்து, சைட்டேஷனை அலசும் ஐசைட் தளத்தில் ஏற்றுங்கள். இலவசம், என் ஓட்டு இதற்குத்தான். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆர்சிஆர் என்று ஒரு அளவு தரும். துறையையும் கட்டுரையின் வயதையும் கணக்கில் எடுத்து, அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் நிதி பெற்ற கட்டுரைகளோடு ஒப்பிடும் அளவு அது, 1 என்றால் வழக்கமான அளவு. சூத்திரக் கட்டுரைகள் மட்டும் எக்கச்சக்கமாக மேலே நிற்கும். இதயநோய், சர்க்கரைநோய் என்று எதை ஆராய்ந்தாலும் இ-ஜிஎஃப்ஆர் கணக்கிட்டால் செய்முறைப் பகுதியில் அந்தக் கட்டுரையைக் காட்டியாக வேண்டும், அதனால்தான்.

படி 5: எச்-இன்டெக்ஸ் வேண்டுமென்றால் கடைசியில் பாருங்கள். 20 என்றால் குறைந்தது 20 கட்டுரைகளுக்குத் தலா 20 சைட்டேஷனாவது இருக்கிறது, அவ்வளவுதான். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்த கணக்கு இது. ஒரே கட்டுரை பல்லாயிரம் முறை காட்டப்பட்டாலும் இதில் ஒன்றாகத்தான் சேரும். ஸ்கோபஸ் (இன்னொரு கட்டுரைத் தரவுத்தளம்) எண்ணையும் ஸ்காலர் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் வேண்டாம், இரண்டும் வேறு வேறு குவியலிலிருந்து எண்ணுகின்றன.

பின்சேர்க்கை: நம் ஊர் ஆய்வாளர்களைத் தேடினால் பாதிக் கட்டுரைகள் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இனிஷியல்தான் சிக்கல். ஒரு இதழ் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பதியும், இன்னொன்று சொந்தப் பெயரையே பதியும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதை ஆய்வாளரே நிரப்ப வேண்டும், பலர் கணக்கைத் திறந்ததோடு விட்டுவிடுகிறார்கள்.