ஜிலிப்சி 2.34 இல்லை என்கிறதா? அதைத் தனியாக ஏற்றாதீர்கள்

உபுண்டு 20.04 ஓடும் கணினி. இன்று இறக்கிய மென்பொருளைச் சொடுக்கினால் எதுவும் நடக்கவில்லை. டெர்மினலில் ஓட்டினால் ஒரே வரி வருகிறது: 'வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்'. ஜிலிப்சி என்பது லினக்ஸ் மென்பொருள்கள் பொதுவாக நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்; கோப்புகளிலும் பொதிகளிலும் அதன் பெயர் லிப்சி. அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, 22.04-க்கான லிப்சி6 டெப் கோப்பை (நிறுவல் பொதி) இறக்கி, டிபிகேஜி என்னும் நிறுவும் கருவி கொண்டு திணித்துவிடலாம் என்பதுதான். அதைச் செய்யாதீர்கள்.

எல்எஸ், சிபி, பாஷ், சூடோ, ஆப்ட் போன்ற அன்றாடக் கட்டளைகள் எல்லாமே நினைவகம் கேட்பதும் கோப்பைத் திறப்பதும் ஜிலிப்சி வழியாகத்தான். வேறொரு நூலகம் கெட்டால் அதை நம்பியிருக்கும் நாலைந்து மென்பொருள்கள் படுக்கும். இது கெட்டால், பழுது பார்க்க வேண்டிய கருவிகளும் சேர்ந்தே படுத்துவிடும்.

(கீழே கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. எல்டி_ என்று தொடங்குபவை மட்டும் பேரெழுத்து.)

படி 1: எண்ணைப் பாருங்கள்

'எல்டிடி --வெர்ஷன்' என்று தட்டினால் முதல் வரியின் கடைசியில் எண் இருக்கும். உபுண்டு 20.04-இலும் டெபியன் 11-இலும் 2.31, உபுண்டு 22.04-இல் 2.35, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 24.04-இல் 2.39.

பழைய ஜிலிப்சிக்குக் கட்டிய மென்பொருள் புதியதில் ஓடும். புதியதற்குக் கட்டியது பழையதில் பெரும்பாலும் ஓடாது. அதிலும் இந்த 2.34 அடிக்கடி கண்ணில் படக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கே புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். அதனால் 22.04-இல் கட்டிய வெறும் 'ஹலோ வேர்ல்ட்' கூட 20.04-இல் முரண்டு பிடிக்கும்.

படி 2: ஜிலிப்சியைத் தொடாமல் ஓட்டப் பாருங்கள்

அதே மென்பொருளின் முந்தைய பதிப்போ ஃபிளாட்பேக் வடிவமோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஃபிளாட்பேக் தனக்கான ஜிலிப்சியைத் தானே கொண்டுவரும். ஒற்றைக் கோப்பாக வரும் ஆப்இமேஜ் பெரும்பாலும் கொண்டுவராது, அதை நம்பி ஏமாறாதீர்கள். டெர்மினல் மென்பொருள் என்றால் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) 22.04 படிமத்தை எடுத்து அதற்குள் ஓட்டுவதே எளிது.

புதிய லிப்சி கோப்பை ஒரு கோப்புறையில் போட்டு, நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் 'எல்டி_லைப்ரரி_பாத்'தை அங்கே திருப்பச் சொல்லும் யோசனையை ஒதுக்குங்கள். ஏற்றியும் (நிரல் தொடங்கும்போது நூலகங்களை ஏற்றித் தரும் கோப்பு) லிப்சியும் ஒரே கட்டுமானத்தில் பிறந்த ஜோடி. ஏற்றியின் முகவரி ஒவ்வொரு நிரலுக்குள்ளும் பதிந்திருப்பதால் அது மட்டும் பழையதாகவே நிற்கும். ஜோடி பிரிந்ததும் அந்த டெர்மினலில் எல்எஸ் கூட விழும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், அந்தச் சாளரத்தை மூடினால் போதும்.

படி 3: ஏற்றுவதானால் மொத்தமாக ஏற்றுங்கள்

புதிய ஜிலிப்சி வேண்டுமென்றால் முழு வெளியீட்டையும் உயர்த்துவதே நேர்வழி. முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' முடித்துவிட்டு, 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' தட்டுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே செய்தால், இணைப்பு அறுந்தாலும் பிழைக்க 1022 துறையில் இன்னொரு வாசலைத் திறந்துவைப்பதாகச் சொல்லும்; ஃபயர்வாலில் அதற்கு வழிவிடுங்கள். நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைக் காட்டும்போது கண்ணை மூடி 'ஒய்' அழுத்தாதீர்கள். 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழு வாக்கியத்தையும் தட்டச் சொன்னால், இன்றியமையாத பொதி ஒன்று பறிபோகப் போகிறது. அங்கேயே நிறுத்துங்கள்.

முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை நினைவகத்தில் பழைய லிப்சியையே பிடித்திருக்கும். வட்டில் புதிய துணைக்கோப்புகள். இந்த முரணால் உள்நுழைவே மறுக்கப்படலாம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2.28-இல் எழுத்து வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. 18.04 போல அதற்கு முந்தையதிலிருந்து வருகிறீர்கள் என்றால், உரை நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை 'ரீஇண்டெக்ஸ்' செய்யுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான்.

படி 4: ஏற்கெனவே கைவைத்து உடைத்துவிட்டீர்களா?

திறந்திருக்கும் ரூட் (நிர்வாகி) டெர்மினலை மூடாதீர்கள். மூடினால் இன்னொன்று திறக்காது, சூடோவும் எழாது. அந்த ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் சிடி, எக்கோ இரண்டும் இன்னும் வேலை செய்யும். 'எக்கோ *' கோப்புகளைப் பட்டியலிடும்.

20.04-இல் லிப்சி.எஸ்ஓ.6 என்பது லிப்சி-2.31.எஸ்ஓ கோப்பைக் காட்டும் இணைப்பு மட்டுமே. அசல் கோப்பு இருந்து இணைப்பு மட்டும் போயிருந்தால், அந்தக் கோப்புறைக்குள் (/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு) சிடி செய்து இதைத் தட்டுங்கள்:

எல்டி_பிரீலோட்=./லிப்சி-2.31.எஸ்ஓ எல்என் -எஸ்எஃப் லிப்சி-2.31.எஸ்ஓ லிப்சி.எஸ்ஓ.6

2.34 முதல் இந்த இணைப்பு கிடையாது, லிப்சி.எஸ்ஓ.6 தானே அசல் கோப்பு. அங்கே லைவ் யூஎஸ்பிதான் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) கதி. அதில் பூட் செய்து உங்கள் ரூட் பகிர்வை /எம்என்டி-யில் மவுண்ட் செய்யுங்கள். சிஎச்ரூட்டுக்கு (/எம்என்டி-யையே ரூட்டாகக் கொண்டு உள்ளே நுழைவது) அவசரப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பாஷுக்கும் அதே லிப்சி வேண்டும், இப்போது எழாது. முதலில் சரியான லிப்சி6 டெப்பை 'டிபிகேஜி-டெப் -எக்ஸ்' கொண்டு ஒரு தற்காலிகக் கோப்புறையில் பிரியுங்கள், நேராக /எம்என்டி-யில் அல்ல. அதிலுள்ள எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு கோப்புகளை மட்டும் 'சிபி -ஏ' மூலம் /எம்என்டி/யூஎஸ்ஆர்/லிப்-இன் கீழுள்ள அதே பெயர்க் கோப்புறைக்கு நகலெடுங்கள்.

எந்த டெப்? வெளியீட்டு உயர்வு பாதியில் நின்றிருந்தால் புதிய வெளியீட்டினுடையது; பழைய நிரல்களும் அதில் ஓடும். இல்லையென்றால் உங்கள் வெளியீட்டினுடையது. பிறகு டெவ், பிராக், சிஸ் மூன்றையும் /எம்என்டி-க்குள் பைண்ட் மவுண்ட் செய்து, சிஎச்ரூட்டுக்குள் போய் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.