மதுரை வெயிலில் ஹைட்ராஞ்சியா: வேர் சூடாகாமல் பாருங்கள்

கொடைக்கானலில் பூத்து நிற்கும் ஹைட்ராஞ்சியா என்ற பூச்செடியை வாங்கி வருகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் அதை மொட்டைமாடியில் வைத்து, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுகிறார்கள். இரண்டுமே அதற்கு ஆகாது. 2,000 மீட்டருக்கு மேல், குளிரில் வளர்ந்த செடி அது. மதுரையில் அது பிழைப்பது தண்ணீரின் அளவால் இல்லை, வேர் குளிர்ச்சியாக இருப்பதால்தான்.

கிழக்கு பார்த்த வராண்டா இருந்தால் பாதிக் கவலை விட்டது. காலை ஒன்பது மணி வரை வெயில், பிறகு நாள் முழுக்க வெளிச்சமான நிழல் போதும். மாடியைத் தவிர வேறு இடமே இல்லை என்றால் 75 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சித்திரையில் சிமெண்ட் தளத்தின் சூடு பொழுது சாய்ந்த பிறகும் இறங்காது.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டவே வேண்டாம். நான் செடியை 12 அங்குல மண்தொட்டியில் நட்டு, அதை 16 அங்குல மண்தொட்டிக்குள் இறக்கி, நடுவில் ஆற்றுமணலை நிரப்பி ஈரமாக வைக்கிறேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலவே மணலின் ஈரம் வெளிச்சுவர் வழியாக ஆவியாகி உள்ளே சூட்டைக் குறைக்கும். இரண்டு தொட்டிகளிலும் அடியில் ஓட்டை அவசியம். மேல்மண்ணை இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகால் மூடிவிடுங்கள்.

மண்கலவை எளிது: செம்மண், இலைமக்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) சம அளவு, கூடவே ஒரு கை மக்கிய எரு. கோகோபீட்டில் உப்பு இருக்கும் என்பதால் நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

மதியம் இலைகள் தொங்கிப் போகும். பயப்படாதீர்கள், உடனே சொம்பைத் தூக்காதீர்கள். இலை பெரிது, வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக ஈரம் வெளியேறுகிறது, அவ்வளவுதான். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். காலையில் அடியில் வடியும் வரை ஊற்றுவதே சரி.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்பான போர்வெல் தண்ணீரில் இலையின் ஓரம் கருகும். நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சள் பாயும். பிடித்து வைத்த மழைநீர் மிக நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகும். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் கூடவே கூடாது.

நீலப்பூ வாங்கினோமே, ரோஸாகிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: புளிப்புத்தன்மை உள்ள மண்ணில் அலுமினியம் வேருக்குக் கிடைத்தால் நீலம், காரமண்ணில் ரோஸ். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. மொட்டு வரும் முன்பே நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈரமண்ணில் ஊற்றலாம். அப்போது எலும்புத்தூள் போடாதீர்கள். அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளை ரகம் இதற்கெல்லாம் மசியாது.

மறுபடி பூப்பதுதான் கடினம். சாதாரண ரகங்கள் பழைய கிளையில் மொட்டு கட்டும். அதற்குச் சில வாரங்களாவது 18 டிகிரிக்குக் கீழான இரவுகள் தேவை. மதுரையின் மார்கழியில்கூட அது அரிது. ஆகவே வாங்கும்போதே புதுக்கிளையிலும் பூக்கும் ரகமா என்று கேளுங்கள். கவாத்து, அதாவது கிளை வெட்டுவது என்றால் பூ வாடிய கையோடு செய்துவிடுங்கள்; தள்ளிப்போட்டால் வரவிருக்கும் மொட்டையும் சேர்த்து வெட்டுவீர்கள். அக்னி நட்சத்திரத்தில் உரம் எதுவும் வேண்டாம்.

வறண்ட நாட்களில் இலையின் அடியில் செஞ்சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சி வரும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தீராவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். இலை, மொட்டு எல்லாமே நஞ்சு, ஆடும் பூனையும் வாய் வைக்காத இடமாகப் பாருங்கள்.

ஐப்பசி மழையில், பூக்காத கிளையில் நான்கு அங்குலம் வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர மணலில் ஊன்றி வையுங்கள். ஒரு மாதத்துக்குள் வேர் விடும். இங்கேயே வேர்விட்ட கன்று கோடைக்குள் மண்ணில் பிடித்துக்கொள்ளும்.