டர்பனில் பழைய கார் வாங்கும்போது விலையை எடைபோட்டுப் பேசும் முறை

பழைய கார் ஒன்றுக்கு நியாயமான விலை எது என்பதை, விற்பவரைச் சந்திப்பதற்கு முன்பே நாம் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே தூரம் ஓடிய வண்டிகள் பத்தின் விளம்பர விலையையாவது குறித்துக்கொள்ளுங்கள். அவை கேட்கப்படும் விலைகளே தவிர விற்றுமுடிந்த விலைகள் அல்ல. வங்கிகளும் வணிகர்களும் பார்க்கும் மதிப்பீட்டில் 'டிரேட்', 'ரீடெயில்' என்று இரண்டு தொகைகள் இருக்கும். முன்னது வணிகர் வாங்கும் விலை, பின்னது அவர் விற்கும் விலை. தனியாரிடம் வாங்கினால் இவ்விரண்டுக்கும் நடுவே முடிப்பது முறை.

அடுத்தது வண்டியின் உடல். கடற்காற்று படும் நம் ஊரில் கதவுகளின் அடிவிளிம்பையும் சக்கரங்களின் மேல்வளைவையும் துருவுக்காகத் தடவிப் பார்க்காமல் எந்த விலையும் சொல்லக்கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, வண்டி நீரில் மூழ்கியதா என்ற இன்னொரு சோதனையும் அவசியமாகிவிட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் பார்த்த ஒரு வண்டியின் உள்ளே நறுமணம் கமழ்ந்தது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தபோது, அதன் குழியில் காய்ந்து வெடித்த வண்டல் விரலில் ஒட்டியது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு முழத்தில் நீர்க்கறை கோடாகப் படிந்திருந்தது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் 'கோட் 3' நிலை இருந்தால் அது சிதைந்தபின் மீண்டும் கட்டப்பட்ட வண்டி; நாளை நீங்கள் விற்கும்போதும் விலை போகாது என்பதால், எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் யோசித்தே இறங்க வேண்டும்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாறுவது மாதத் தவணையில்தான். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று விற்பனையாளர் கேட்டதும் பதில் சொல்லிவிட்டால், பேச்சு வண்டியின் விலையை விட்டு நகர்ந்துவிடுகிறது. 2,00,000 ராண்ட் கடனை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 72 மாதங்களுக்கு வாங்கினால் தவணை சுமார் 3,910 ராண்ட், மொத்தம் சுமார் 2,81,500. அதில் 60,000 ராண்டைக் கடைசியில் ஒரே தொகையாகக் கட்டும் 'பலூன்' என்று தள்ளிவைத்தால் தவணை 3,337 ஆகக் குறையும். மொத்தமோ 3,00,000 ராண்டைத் தாண்டிவிடும். ஆகவே முதலில் ரொக்க விலை, பிறகுதான் கடன் என்ற வரிசையிலேயே பேச்சை நடத்துங்கள். உங்கள் பழைய வண்டியைக் கொடுத்து மாற்றுவதையும் இந்த விலை எழுத்தில் வந்தபின்பே சொல்லுங்கள். வண்டியின் விலைக்கு மேல் 'ஆன் தி ரோடு' கட்டணம் என்று சேர்க்கப்படும் ஒவ்வொரு தொகையும் எதற்கு என்று கேட்டு வாங்குங்கள்.

பேரத்தில் குறையைப் பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. "அண்ணா, முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்ற ஆகும் செலவைக் கடையில் எழுதி வாங்கி வந்திருக்கிறேன்" என்று தாளை நீட்டினால், அவர் மறுக்க வேண்டியது உங்களை அல்ல, அந்தத் தொகையை. உங்கள் விலையைச் சொன்னபின் வாய் திறக்காமல் காத்திருங்கள். உடன் வரும் மாமாவோ சித்தப்பாவோ விற்பவர் காதுபட "அருமையான வண்டி" என்று சொல்லிவிடாதபடி வீட்டிலேயே சொல்லிவைப்பது நல்லது. அன்பினால் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு ஆயிரக்கணக்கான ராண்ட் போயிருக்கிறது.

வணிகரிடம் வாங்கும் வண்டியில் பழுது வெளிப்பட்டால், தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரவோ பழுதுபார்க்கச் சொல்லவோ உரிமை உண்டு. தனியார் விற்பனையில் அந்த உரிமை இல்லை. 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கும் நிலையிலேயே வாங்குகிறேன், என்று எழுதிக் கையெழுத்திட்டால், தெரிந்தே மறைத்த பழுதைத் தவிர மற்றவை உங்கள் தலையில்தான். அந்த வேறுபாட்டுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கழித்தே கேளுங்கள். சாலையில் ஓட்டத் தகுதியானது என்று காட்டும் ரோட்வர்த்தி சான்றிதழை விற்பவர் செலவில் எடுத்துத் தருவதைப் பேரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உரிமை வங்கியின் பெயரில் இருந்தால், கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று வங்கி தரும் மீதிக்கடன் கடிதத்தை வாங்கி அத்தொகையை நேராக வங்கிக்கே செலுத்தி, எஞ்சியதை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள். பெயர் மாற்றத்தை 21 நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.