கணினியில் வால்பேப்பர் மாற்றுவது எப்படி? தலை வெட்டுப்படாமல்!

போன மாதம் சித்தப்பாவிடமிருந்து போன். "கம்ப்யூட்டர்ல கல்யாண போட்டோவை வச்சேன்டா. எல்லாரும் நல்லா இருக்காங்க, நான் மட்டும் கழுத்தோட நிக்கிறேன்." போய்ப் பார்த்தேன். பின்வரிசையில் நின்ற உயரமானவர்கள் நான்கு பேருக்கும் தலையைக் காணோம். சித்தப்பா ஆறடி.

வால்பேப்பர், அதாவது திரையின் பின்னணிப் படம், மாற்றுவது இரண்டு நிமிட வேலைதான். படம் திரைக்குள் ஒழுங்காக உட்கார வேண்டுமே, அங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என் கணினியில் விண்டோஸ் 11. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான், பொத்தான்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

படத்தைக் கொண்டு வருதல்

போனில் இருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். போனில் பளிச்சென்று தெரிந்த படம் பெரிய திரையில் கலங்கலாகத் தெரிவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். அதனால் கேபிள் போட்டு எடுங்கள். வாட்ஸ்அப்தான் வசதி என்றால், கேலரி வழியாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. வந்த படத்தைப் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் போட்டு வையுங்கள். டவுன்லோட்ஸில் கிடந்தால் அடுத்த முறை தேடித் தேடி அலுத்துப் போவீர்கள்.

மாற்றுதல்

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு 'டி'யைத் தட்டுங்கள். திறந்திருப்பதெல்லாம் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரியும். ஐகான் எதுவும் இல்லாத காலி இடமாகப் பார்த்து ரைட் கிளிக் செய்யுங்கள். ஐகான் மேல் செய்தால் வேறு மெனு வந்துவிடும். வரும் பட்டியலில் 'பெர்சனலைஸ்', அதற்குள் 'பேக்ரவுண்ட்'.

அங்கே படமா, ஒற்றை நிறமா, ஸ்லைடுஷோவா என்று ஒரு தேர்வு இருக்கும். 'பிக்சர்' என்று வைத்துவிட்டு, 'பிரவுஸ் ஃபோட்டோஸ்' பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் வெறும் 'பிரவுஸ்' என்று இருக்கும். உங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணமே மாறிவிடும். 'ஓகே' பொத்தான் எங்கே என்று தேடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போகலாம்.

இன்னும் குறுக்கு வழி வேண்டுமா? ஃபோல்டரில் படத்தின் மேலேயே ரைட் கிளிக் செய்து 'செட் ஆஸ் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்' கொடுங்கள். ஆக்டிவேட் செய்யாத, அதாவது உரிமம் பதியாத விண்டோஸில் பெர்சனலைஸ் பக்கம் பூட்டிக் கிடக்கும். அங்கேயும் இந்த வழி வேலை செய்யும்.

தலை போன கதை

போன் கேமராவைப் படுக்கவைத்து எடுக்கும் படம் பெரும்பாலும் 4:3 அளவில், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூணு பங்காக இருக்கும். கணினித் திரை அதைவிட அகலமானது, பெரும்பாலும் 16:9. விண்டோஸ் தானாக வைக்கும் 'ஃபில்' முறை, திரையில் ஒரு மூலைகூடக் காலியாக விடக்கூடாது என்று படத்தை அகலத்துக்குப் பெரிதாக்கும். பிதுங்கி வெளியே போவது வெட்டுப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அகலம் 4000, உயரம் 3000 புள்ளிகள் உள்ள படத்தில் திரைக்கு எடுபடுவது 4000-க்கு 2250 மட்டும். கால்வாசி உயரம் போய்விட்டது. சித்தப்பா தலை அந்தக் கால்வாசியில் மாட்டிக்கொண்டது.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த கோபுரப் படம் என்றால் இன்னும் மோசம். 9:16 படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கலசமும் தெரியாது, வாசலும் தெரியாது, நடுவில் நாலு பொம்மைகள் தெரியும்.

பேக்ரவுண்ட் பக்கத்திலேயே கொஞ்சம் கீழே 'சூஸ் எ ஃபிட்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'ஃபிட்' வைத்தால் முழுப்படமும் வரும், ஆனால் இரண்டு பக்கமும் வெறும் பட்டை விழும். 1920-க்கு 1080 திரையில் 4:3 படத்துக்குப் பக்கத்துக்கு 240 புள்ளி வீணாகும். 'ஸ்ட்ரெட்ச்' பக்கம் போகவே வேண்டாம். தலை திரும்பி வரும், ஆனால் எல்லோரும் அமுக்கி வைத்தது போலக் குண்டாகிவிடுவார்கள். 'டைல்', தரையில் ஓடு பதிக்கிற மாதிரி ஒரே படத்தை வரிசையாக அடுக்கும். சின்னக் கோலப் படத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது, மனிதர்களுக்கு வேண்டாம். 'சென்டர்' படத்தை அதன் அளவிலேயே நடுவில் வைக்கும். 'ஸ்பேன்' இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு.

எனக்குப் பிடித்த வழி, வெட்டுவதை நாமே வெட்டிவிடுவது. படத்தை டபுள் கிளிக் செய்தால் 'ஃபோட்டோஸ்' திறக்கும். 'எடிட்', அப்புறம் 'கிராப்'. விகிதத்தை 16:9 என்று வைத்துவிட்டு, சட்டத்துக்குள் எல்லார் தலையும் வருகிற மாதிரி படத்தை இழுத்து நகர்த்துங்கள். சித்தப்பா படத்தில் கீழே பார்த்தால் மேடை விரிப்பும், யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பும்தான். அதை வெளியே தள்ளினேன், தலைகள் உள்ளே வந்துவிட்டன. முடிந்ததும் 'சேவ் ஆஸ் காப்பி' கொடுங்கள். வெறும் 'சேவ்' கொடுத்தால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும்.

ஸ்லைடுஷோ, வெளிப் படங்கள்

ஒரு ஃபோல்டரில் பத்துப் படம் போட்டு ஸ்லைடுஷோ வைத்தால் அவை மாறி மாறி வரும். அந்த ஃபோல்டர் பென் டிரைவில் இருக்கக் கூடாது. ஒற்றைப் படம் என்றால் விண்டோஸ் தனக்கென ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஸ்லைடுஷோவுக்கு ஃபோல்டர் இருந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

வெளியிலிருந்து படம் எடுப்பதானால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையதளத்தில் நல்ல படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேறெங்காவது 'வால்பேப்பர்' என்று இஎக்ஸ்இ (.exe, அதாவது புரோகிராம்) கோப்பு இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள், படம் அப்படி வராது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேடும் நீல வானமும் நினைவிருக்கிறதா? கணினியில் வரைந்தது என்றே பல வருடம் நினைத்திருந்தேன். சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996-இல் கலிபோர்னியாவில் சாலையோரம் நின்று ஃபிலிம் கேமராவில் எடுத்த நிஜப் படமாம்.

கடைசியாக ஐகான்கள். முகத்தை மறைத்தால், காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'வியூ'வில் 'ஆட்டோ அரேஞ்ச்' டிக்கை எடுத்துவிட்டு, வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா கணினியில் இப்போது ரீசைக்கிள் பின் சரியாகச் சித்தியின் அண்ணன் முகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "நகர்த்திடவா சித்தப்பா?" என்று கேட்டேன். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்டா" என்றார்.