எஃப்-150 வாங்கப் போகிறீர்களா? முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

அமெரிக்காவில் முதல்முறையாகப் பெரிய பிக்கப் ட்ரக் வாங்கப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் வாலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் நிறம், அப்புறம் பெரிய திரை, தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை. ட்ரக் எதற்கு என்ற கேள்வி, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறது.

நானும் அப்படித்தான் மாட்டினேன். டல்லாஸ் பக்கம் ஒரு பழைய ட்ரக் விற்பனையாளர், "பதினோராயிரம் பவுண்டு இழுக்கும். உங்கள் கேம்பர் ஏழாயிரம்தானே, கவலையே படாதீர்கள்" என்றார். (கேம்பர் என்றால் ட்ரக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு.) அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் முதல் பயணத்திலேயே ட்ரக்கின் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு மரக்கிளைகளைக் காட்டியது. எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டினார்கள். வழியில் ஒரு ட்ரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போடுகிறேன்: சுமை, கேப் (ஆட்கள் உட்காரும் அறை), எஞ்சின், கடைசியில்தான் ட்ரிம். ஊரில் நாம் வேரியன்ட் என்று சொல்வதைத்தான் இங்கே ட்ரிம் என்கிறார்கள். உதாரணத்துக்கு ஃபோர்டு எஃப்-150. 1977 முதல் இந்த நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை எஃப் சீரிஸ்தான் என்பதால், லாட்டில் (விற்பனைக்கு வண்டிகளை நிறுத்தியிருக்கும் மைதானம்) இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். எண்கள் 2024 மாடலை ஒட்டியவை.

முதல் படி: ஒரு தாளில் உங்கள் சுமையை எழுதுங்கள்

ட்ரக்குக்கு இரண்டு திறன் உண்டு. பின்னால் மாட்டி எவ்வளவு இழுக்கும் என்பது டோயிங். தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பது பேலோடு. விளம்பரம் முழுக்க முதலாவதைப் பற்றித்தான் இருக்கும். எஃப்-150க்கு அதிகபட்சம் 13,500 பவுண்டு. ஆனால் குடும்பத்தோடு போகிறவருக்கு முதலில் தீர்ந்துபோவது பேலோடுதான்.

காரணம் எளிது. ட்ரெய்லரின் முழு எடையும் அதன் சொந்தச் சக்கரங்களில் நிற்பதில்லை. அதில் 10 முதல் 15 சதவீதம் அதன் மூக்கு வழியாக ட்ரக்கின் மேல் இறங்குகிறது. அந்த எடை பேலோடு கணக்கில்தான் சேரும். ட்ரக்குக்குள் உட்காரும் ஆட்களும் அதே கணக்குதான்.

என் கணக்கைப் பாருங்கள். கேம்பர் 7,000 பவுண்டு, அதில் 12 சதவீதம் 840. நாங்கள் நான்கு பேர், 480. பெட்டில், அதாவது பின்பக்கச் சரக்குத் தொட்டியில், சைக்கிள், ஐஸ் பெட்டி, அடுப்பு எல்லாம் சேர்த்து 250. இணைக்கும் இரும்பு ஹிட்ச் 80. மொத்தம் 1,650. என் ட்ரக்கின் பேலோடு 1,480! இழுவைத் திறனில் நாலாயிரம் மிச்சம், முதுகில் 170 பவுண்டு கூடுதல்.

இந்த 1,480 எங்கே எழுதியிருக்கிறது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். அந்த எண் அந்த ஒரு ட்ரக்குக்கு மட்டும். பக்கத்தில் நிற்கும் அதே மாடலுக்கு வேறு எண் இருக்கலாம்.

இன்னொன்று. இந்த அளவு ட்ரக்கை எல்லாரும் 'ஹாஃப் டன்' என்பார்கள். அரை டன் என்றால் 1,000 பவுண்டு. அது பழைய காலத்துப் பெயர், இன்றைய ட்ரக்குகள் அதைவிட நிறையவே சுமக்கும். பெயரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 10,000 பவுண்டுக்கு மேல் அடிக்கடி இழுக்கிறவர் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பெரிய அளவான எஃப்-250 பக்கம் போங்கள்.

இரண்டாம் படி: கேப்பும் பெட்டும், கையில் ஒரு டேப்

எஃப்-150இல் மூன்று கேப். ரெகுலர் கேப்பில் ஒரே வரிசை இருக்கை, வேலைக்குப் போகும் ட்ரக். சூப்பர்கேப்பில் பின்னால் ஒரு சிறு வரிசை. அதன் கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும், முன்கதவைத் திறக்காமல் அவற்றைத் திறக்க முடியாது. சூப்பர்குரூவில் நான்கு முழுக் கதவுகள். பின்வரிசையில் கால் நீட்டும் இடம் சூப்பர்கேப்பில் 33.5 அங்குலம், சூப்பர்குரூவில் 43.6. குழந்தை சீட் மாட்டப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சூப்பர்குரூதான். மழையில் இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு பெல்ட்டோடு மல்லுக்கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மற்ற கம்பெனிகளில் பெயர் குழப்பும். செவ்ரோலெட் சில்வராடோவிலும் டொயோட்டா டண்ட்ராவிலும் நான்கு கதவு உள்ளவற்றில் டபுள் கேப் என்பதுதான் சின்னது. பெரியது முறையே க்ரூ கேப், க்ரூமேக்ஸ். ராம் ட்ரக்கில் சின்னது க்வாட் கேப்.

பெட் 5.5, 6.5, 8 அடி. எல்லாக் கேப்போடும் எல்லா நீளமும் கிடைக்காது, சூப்பர்குரூவுக்கு 5.5 அல்லது 6.5தான். இங்கேதான் டேப் தேவைப்படும். சூப்பர்குரூவில் 5.5 அடி பெட் போட்டால் மொத்த நீளம் ஏறக்குறைய 19.3 அடி, 6.5 போட்டால் 20.3. பல வீடுகளில் கராஜ் ஆழமே 20 அடி. கண்ணாடிகளை விரித்தால் அகலம் கிட்டத்தட்ட 8 அடி. பெட்டில் அந்த ஓர் அடி கூடினால் கராஜ் கதவு மூடாது என்பது சிறிய விஷயமில்லை. ஆலங்கட்டி மழை பெய்யும் டெக்சஸில் ட்ரக்கை வெளியே நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

மூன்றாம் படி: எஞ்சின்

நான்கு முக்கியத் தேர்வுகள். 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வி6, 325 குதிரைத்திறன். 5.0 லிட்டர் வி8, டர்போ இல்லாதது, 400. 3.5 ஈகோபூஸ்ட், இதுவும் 400. அதே 3.5உடன் மின்மோட்டார் சேர்ந்த பவர்பூஸ்ட் ஹைபிரிட், 430. எல்லாவற்றிலும் 10 கியர் ஆட்டோமேட்டிக்.

புதிதாக வருபவர்கள் 2.7 என்றதும் முகம் சுளிப்பார்கள். இவ்வளவு பெரிய வண்டிக்கு இத்தனை சின்ன எஞ்சினா என்று. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஹோம் டிப்போவுக்கும் போகிற ஆளுக்கு இது போதும், போதும் என்பதற்கு மேலேயே. எஞ்சினும் கனம் குறைவு.

வி8க்கும் 3.5க்கும் குதிரைத்திறன் சமம்தான். ஆனால் இழுக்கும்போது குதிரைத்திறனைவிட டார்க்தான் (சக்கரத்தைத் திருப்பும் விசை) பேசும்: வி8இல் 410, 3.5இல் 500 பவுண்டு-அடி. மலையேறினால் வித்தியாசம் இன்னும் கூடும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே கேம்பரோடு ஏறும் வி8 திணறும், டர்போ அவ்வளவு திணறாது. சமவெளியில் ஓட்டுபவர், டர்போ சமாச்சாரம் எதற்கு என்று நினைப்பவர், அந்தச் சத்தம் பிடித்தவர், இவர்களுக்கு வி8 நல்ல தேர்வு. சத்தம் ஒரு காரணமா என்று என் மனைவி கேட்டாள். காரணம்தான்.

ஹைபிரிடின் எரிபொருள் சிக்கனம் ஊருக்குள் தெரியும், நெடுஞ்சாலையில் அவ்வளவு இல்லை. அதன் உண்மையான லாபம் பெட்டில் இருக்கும் ப்ளக் பாயின்ட். 2.4 கிலோவாட், அல்லது பணம் கூடக் கொடுத்தால் 7.2 கிலோவாட். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பனிப்புயலால் மின்சாரம் போனபோது, இந்த ட்ரக்கை வைத்திருந்த சிலர் வீட்டு ஹீட்டரை அதிலேயே ஓட்டினார்கள்.

எஞ்சினோடு ஆக்சில் விகிதத்தையும் (அச்சில் இருக்கும் கியர் விகிதம்) கேளுங்கள்: 3.31, 3.55, 3.73. எண் கூடினால் இழுவை கூடும், நெடுஞ்சாலையில் பெட்ரோலும் கொஞ்சம் கூடும். ஒரே 3.5 எஞ்சின் இருந்தும் இரண்டு ட்ரக்குகளின் இழுவைத் திறன் ஆயிரக்கணக்கில் மாறுவதற்கு இதுவும் டோயிங் பேக்கேஜும் காரணம். நான்கு சக்கர இயக்கம் பனி, சேறு, படகு இறக்கும் சரிவு உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு அது கூடுதல் எடையும் கூடுதல் காசும்தான்.

நான்காம் படி: இப்போது ட்ரிம்

கீழிருந்து மேலே: எக்ஸ்எல், எஸ்டிஎக்ஸ், எக்ஸ்எல்டி, லாரியட், கிங் ராஞ்ச், பிளாட்டினம். காட்டுப் பாதைக்கு ட்ரெமர், ராப்டர். லாரியட்டில் ஆரம்பித்து மேலே எல்லாம் சூப்பர்குரூ மட்டும்தான்.

மேலே ஏற ஏற சொகுசு கூடும், எடையும் கூடும். கண்ணாடிக் கூரை, மோட்டார் இருக்கைகள், பெரிய சக்கரங்கள் எல்லாம் உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும். விலை கூடிய ட்ரக் குறைவாகச் சுமக்கும் என்பது முதல்முறை கேட்பவருக்கு நம்பவே முடியாது. இரண்டு ஸ்டிக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயருக்காகவும் காசு கொடுக்கிறோம். கிங் ராஞ்ச் என்பது தெற்கு டெக்சஸில் 1853இல் தொடங்கிய, ரோட் ஐலண்ட் மாநிலத்தைவிடப் பெரிய ஒரு மாட்டுப் பண்ணை. ராமின் பிக் ஹார்ன் என்ற ட்ரிம் டெக்சஸுக்கு வந்தால் லோன் ஸ்டார் ஆகிவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது எக்ஸ்எல்டி. அதற்குள்ளும் பேக்கேஜ் எண் பாருங்கள். ஒரே எக்ஸ்எல்டிக்குள் ஒரு பேக்கேஜுக்கும் அடுத்ததற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

ஐந்தாம் படி: லாட்டில்

விலைப் பேச்சுக்கு முன் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். ஜன்னலில் ஒட்டிய விலைத்தாளில் ஆக்சில் விகிதத்தையும் டோயிங் பேக்கேஜையும் தேடுங்கள். ட்ரக் வேறு ஊரில் நிற்கிறது, வரவழைத்துத் தருகிறோம் என்றால், அதே வின் எண் (வண்டியின் அடையாள எண்) உள்ள வண்டியின் கதவு ஸ்டிக்கர் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று பதில் வந்தால் காத்திருங்கள், படம் வரட்டும். டெஸ்ட் டிரைவுக்குக் குழந்தை சீட்டையும் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். விட்டார்கள் என்றால் அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்து கராஜுக்குள் நுழைத்து, கதவு மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.