முதல் செயலிக்கு எந்த மொழி?

மொழியைத் தேடுமுன் உங்கள் மடிக்கணினியைப் பாருங்கள். ஐபோனுக்கு ஸ்விஃப்ட், அதை எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே ஓடும். விண்டோஸ் என்றால் கோட்லின் படியுங்கள். ஆண்ட்ராய்டில் அதற்கே முதலிடம் என்று கூகுள் 2019இல் அறிவித்தது. 8 ஜிபி நினைவகத்தில் எமுலேட்டர் (கணினித் திரையில் ஓடும் போலிக் கைப்பேசி) திணறும். சொந்தக் கைப்பேசியை யுஎஸ்பியில் இணைத்துச் சோதியுங்கள்.

ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்பில் டார்ட் மொழியில் எழுதினால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் ஒரே நிரல் போதும். ஆனாலும் ஐபோன் பதிப்பை உருவாக்க மேக் வேண்டும். பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

பயிற்சிக்குச் சின்னதாக ஒன்று: சிங்கப்பூரின் தேக்கா பக்கத்து நிறுத்தத்துக்கு அடுத்த பேருந்து எப்போது வரும்? நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளம் இத்தரவை இலவசமாகத் தருகிறது. பதிவுசெய்து பெறும் சாவியை (உங்களை அடையாளம் காட்டும் குறியீடு) ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் (தலைப்புப் பகுதி) வையுங்கள்; 5 இலக்க நிறுத்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பேருந்து இல்லாத வேளையில் வருகை நேரம் வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத உரை) வரும். அதை அப்படியே நேரமாக மாற்றப் போனால் செயலி நின்றுவிடும். கோட்லினின் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) பாதுகாப்பு இங்கே காப்பாற்றாது. வெற்றுச் சரம் நல் அல்லவே! காலியா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வெளியிடக் கூகுள் பிளேயில் ஒரே முறை 25 அமெரிக்க வெள்ளி, ஆப்பிளில் ஆண்டுக்கு 99. பிளேயில் புதிய தனிநபர் கணக்கென்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட விண்ணப்பிக்கலாம்.