மதுரையிலிருந்து மனித மரபியல்: குறைந்த செலவில் நல்ல படிப்பு தேடும் வழி

பிளஸ் டூவில் பயாலஜி படித்தாயிற்று, ஜெனிடிக்ஸ் பிடித்திருக்கிறது, வீட்டில் பணம் குறைவு. இந்த நிலையில் இருப்பவர்களுக்கான பதிவு இது.

முதல் படி: இளங்கலையில் பெயரைத் தேடாதீர்கள். பி.எஸ்சி.யிலேயே ‘ஹியூமன் ஜெனிடிக்ஸ்’ என்று இருக்க வேண்டியதில்லை. விலங்கியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக் எது படித்தாலும் முதுகலையில் மரபியலுக்குப் போக வழி உண்டு. என் ஓட்டு விலங்கியலுக்குத்தான். பின்னால் பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகவும் அது உதவும். பயோடெக் எடுப்பவர்கள், அரசு வேலைக்கு எந்தப் பாடத்துக்கு இணையாக அது ஏற்கப்படுகிறது என்று அரசாணையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டாவது: எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? பணம் மிச்சமாகும் இடம் இதுதான். அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், பாத்திமா எல்லாமே அரசு உதவி பெறுபவை (எய்டட்). ஆனால் ஒரே வளாகத்தில், அரசு உதவி இல்லாத செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) பிரிவும் நடக்கிறது. கல்லூரி ஒன்றுதான், கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். விலங்கியல் போன்ற பழைய துறைகள் பெரும்பாலும் எய்டடில் இருக்கும். பின்னால் வந்த படிப்புகள் பெரும்பாலும் செல்ஃபில். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்கு டிக் அடிக்கிறோம் என்று இரண்டு தடவை பாருங்கள். “இப்போ செல்ஃபில் சேருங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசு மீனாட்சி மகளிர் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளுக்குத் தனியாக இணையவழி விண்ணப்பம். அதையும் சேர்த்தே போட்டு வையுங்கள்.

மூன்றாவது: மூன்று வருடத்துக்கும் மொத்தமாகக் கணக்குப் போடுங்கள். லேப் ஃபீஸ், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் வந்துபோக முடிந்தால் ஹாஸ்டல் செலவே இல்லை.

நான்காவது: லேபைப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், மூன்றாம் வருட சீனியரைப் பிடித்துக் கேளுங்கள்: டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷினை நீங்களே ஓட்டினீர்களா, டி.என்.ஏ.வைக் கையால் பிரித்தெடுத்தீர்களா, குரோமோசோம் ஸ்லைடு போட்டீர்களா? “சார் செஞ்சு காட்டினார்” என்று பதில் வந்தால் அந்த லேப் ஃபீஸுக்கு மதிப்பில்லை. இதே காரணத்தால் அஞ்சல் வழிப் படிப்பும் இந்தப் பாடத்துக்கு ஒத்துவராது.

ஐந்தாவது: முதுகலைக்குக் குறி வையுங்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியலுக்கென்றே துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை தரமணி வளாகத்தில். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்பு உண்டு; கட்டணத்தை ஒப்பிட்டால் அரசுப் பல்கலைக்கழகத்தின் அருமை புரியும். ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு நாகமலை தாண்டியிருக்கும் காமராசர் பல்கலைக்கழக பயோடெக் நல்ல வழி. அதற்கு ஜிஏடி-பி என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். எந்தெந்தக் கல்வி நிறுவனங்கள் இந்தத் தேர்வு வழியாகச் சேர்க்கின்றன என்று அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள்.

முதுகலைப் புராஜெக்ட்டுக்கு வெளியூர் அலைவதற்கு முன்னால், மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் விசாரியுங்கள். பரம்பரைக் கண் நோய்களின் மரபியலில் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. இடம் கிடைக்குமா என்று உங்கள் துறைத் தலைவர் மூலமாக முன்கூட்டியே கேட்பது நல்லது.